அறுபத்து நாலு எண்ணினால் ஒரு மடக்கு

2025 ஆகஸ்ட் மாதம் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். மட்டாஞ்சேரியில் மழை. காலை பதினொன்றே காலுக்குப் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை, மொத்தம் பன்னிரண்டு நிமிடம் மட்டும் ஓய்ந்தது. எங்கள் வீட்டுக்கு ஐந்து படி. அதில் மூன்றாவது படி வரை தண்ணீர் ஏறியிருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

இதையெல்லாம் ஏன் எண்ணி வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு வயது எழுபத்து மூன்று. அதில் முப்பத்தெட்டு வருடம் பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் சாக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை. மாடிப்படி, மாத்திரை, தெருவில் போகும் ஆட்டோ, எதையும் விடுவதில்லை. "இட்லியை எத்தனை கடியில தின்னீங்கன்னு கேட்டாக்கூட அத்தா சொல்லுவாங்க" என்று என் மகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். (ஏழு கடி.)

கிடங்கில் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாடம் படித்தேன். கிடங்குக்கு இரண்டு வாசல். முன்வாசல் ரோட்டில், பின்வாசல் படகுத்துறையில். ஒருநாள் எழுபது சாக்கு எண்ணி எழுதினேன். மறுநாள் அடுக்கைப் பிரித்தால் அறுபத்து மூன்றுதான் இருந்தது. விற்றவரும் சுமைகாரர்களும் கூட்டு. உள்ளே வந்த ஏழு சாக்கைப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோய், சுற்றிக்கொண்டு முன்வாசலில் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்து கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எண்ணிக்கையோடு சாக்கின் முகத்தையும் பார்க்கப் பழகினேன். ஒரு ஈரத் திட்டு, ஒரு தையல், ஒரு கிழிசல் போதும். ஒரு தடவை பார்த்த சாக்கு மறுபடி வந்தால் எனக்குப் பிடரி சில்லிட்டுவிடும்.

மகளும் பேத்தியும் என்னோடு இருக்கிறார்கள். மருமகன் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. பேத்திக்குப் பதினெட்டு வயது. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சு கிடையாது. நீட் இரண்டு தடவை எழுதினாள். இரண்டாவது தடவை அரசு சீட்டுக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்தபோது பூஜ்யங்களை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் அத்தனைதான் வந்தது.

அப்போதுதான் அந்த ஏஜென்ட் வந்தார். இடப்பள்ளியில் ஆபீஸ் என்றார். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல மரியாதை. வெளிநாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி, குறைந்த கட்டணம், ஆனால் இன்டர்வியூ உண்டு, கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கும் என்றார். நான் குடைந்து குடைந்து கேட்டேன். "இக்கா, ஒன்னும் பேடிக்கண்டா, பயப்படாதீங்க. நம்ம பிள்ளைங்க இருபத்தி நாலு பேரு அங்க படிக்குது" என்று தோளைத் தொட்டார். எந்த வருடம் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒன்பது, எட்டு, ஏழு என்றார். கூட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு. நம்பிவிட்டேன்.

பதினேழு சான்றிதழ், நாற்பத்திரண்டு பக்கம், ஒன்பது முத்திரை. எல்லாம் நானே எண்ணி உறையில் போட்டேன். பதிவுக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, இன்டர்வியூவுக்கு நேரம் ஒதுக்க முப்பத்தைந்தாயிரம் என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். இரண்டு ரசீதும் அடுத்தடுத்த எண்ணில் இருந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். தேர்வானால் அன்றைக்கே ஐந்து மணிக்குள் முதல் தவணை ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும். மகள் தன் நகையை முழுக்க அடகு வைத்துப் பணத்தைச் சனிக்கிழமையே பேங்கில் போட்டு வைத்திருந்தாள். அவள் கழுத்தில் அன்று ஒரு கறுப்பு மணிமாலை மட்டும் கிடந்தது.

இன்டர்வியூவுக்குச் சில கட்டளைகள் இருந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பின்னால் வெறும் சுவர் தெரிய வேண்டும். பேசும்போது கேமராப் புள்ளியை மட்டும்தான் பார்க்க வேண்டும், கேள்வி கேட்பவர்கள் முகத்தைப் பார்த்தால் மதிப்பெண் குறையும். இது என்ன வழக்கம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பேத்தி இரண்டு வாரம் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்தாள்.

எங்கள் வீட்டில் நெட் நன்றாகக் கிடைப்பது என் அறையில். அங்கே சுவர் கிடையாது, சுவர் முழுக்க ஸ்டீல் அலமாரி, அதில் ஆளுயரக் கண்ணாடி. அதன் மேல் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டோம். அலமாரிக்கு முன் நாற்காலி, அதற்கு முன் மேஜை, மேஜை மேல் லேப்டாப். பேத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டு, தலையில் தட்டத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். மகள் ஓதி அவள் தலையில் ஊதினாள். "நன்னா, நீங்க வெளிய போங்க. மூச்சு விடற சத்தம் கேக்குது" என்றாள் பேத்தி என்னைப் பார்த்து.

வெளியே வந்தேன். அந்தக் கதவு மழைக்காலத்தில் ஊதிவிடும், முழுக்கச் சாத்தாது, நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். இடைவெளியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மகள் சமையலறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். மணி மூன்று.

முதலில் எதுவும் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. கனமான ஆண் குரல், ஆங்கிலம். பிறகு மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஒரு முனை சரிந்தது. கண்ணாடியில் ஒரு முழம் அகலம் வெளியே வந்தது. அந்த ஒரு முழத்தில் லேப்டாப் திரை எனக்குத் தெரிந்தது.

திரையில் நாலு கட்டம். இடது ஓரத்தில் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வலது ஓரத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர், நடுவில் வயதான ஒரு டாக்டர். மூவரும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு கட்டம் முழுக்கக் கறுப்பு. கேள்விகள் அந்தக் கறுப்பிலிருந்து வந்தன.

நடுவில் இருந்தவரைத்தான் நான் பார்த்தேன். நன்றாகக் கேட்கிற மனிதர் என்று தோன்றியது. தலையை லேசாகச் சாய்த்து, அவசரமே இல்லாமல் கேட்டார். வலது கையால் கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்து வைத்தார். பின்னால் ஜன்னலில் ஒரு வெளிர் திரைச்சீலை. அதற்கு அப்பால் யாரோ கடந்து போன நிழல். மறுபடி கோப்பை, ஒரு மடக்கு.

நான் வேண்டுமென்று எண்ணவில்லை, அது தானாக ஓடும். ஒரு மடக்கிலிருந்து அடுத்த மடக்குக்கு அறுபத்து நாலு. சரி, தாகம் போல. அடுத்ததற்கும் அறுபத்து நாலு. மூன்றாவதற்கும் அதேதான். நிழலை எண்ணினேன். நாற்பதாவது எண்ணில் இடமிருந்து வலமாகக் கடந்தது. அடுத்த சுற்றிலும் நாற்பது. அதற்கடுத்ததிலும் நாற்பது. வலமிருந்து இடமாக அந்த நிழல் ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது, திரும்பாமலே மறுபடி போனது.

பிடரி சில்லிட்டது. அதே சாக்கு. பின்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாக வருகிறது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் கையையும் கோப்பையையும் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த முகம். மிளகுத் தூசியில் கெட்டுப்போன என் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். தோப்பும்படிக்குப் போகிற வழியில் வீடும் கிளினிக்கும் ஒன்றாக வைத்திருந்தார். முப்பத்தொரு தடவை போயிருக்கிறேன், எப்போதும் தனியாக. கொரோனா இரண்டாம் அலையில் அவர் இறந்துபோனார்.

இறந்துபோனார் என்றுதான் சொன்னார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்க விடவில்லை. ரோட்டோரம் குடையோடு நின்றேன், ஆம்புலன்ஸ் போனது, உள்ளே நீல உடையில் நாலு பேர் இருந்தார்கள். அவ்வளவுதான் நான் கண்டது. முகத்தைப் பார்க்காத சாவை மனசு முழுக்கப் பதிந்துகொள்வதில்லை.

இல்லை, இது அவர் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு நல்ல காரணமும் இருந்தது. அந்த டாக்டர் இடது கைக்காரர். சீட்டு எழுதுவதும் இடது கை, ஸ்டெதஸ்கோப் வைப்பதும் இடது கை. இந்த மனிதர் வலது கையால் அல்லவா குடிக்கிறார். ஒரு சுற்று, அறுபத்து நாலு எண்ணும் நேரம், எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு திரையின் மூலையில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் படிக்கப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. இடவலம் மாறி இருந்தன. கண்ணாடியில் அல்லவா பார்க்கிறேன்! கண்ணாடியில் வலது என்றால் நேரில் இடது.

கோப்பை எழுந்தது. அறுபத்து நாலு.

இன்னொன்றும் உடனே புரிந்தது. கண்ணாடியில் எனக்குத் திரை தெரிகிறதென்றால் திரையில் இருப்பவருக்கும் நான் தெரிய வேண்டும். கதவிடுக்கில் ஒரு கிழவன் எட்டிப் பார்ப்பதை இவர்கள் இத்தனை நேரம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? டாக்டர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, கிளினிக்கில் நான் என் இருமலைக் கணக்குச் சொல்லும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

கறுப்புக் கட்டம் கேட்டது: நீ ஏன் டாக்டராக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஏஜென்ட் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார். மானுட சேவை, உலக ஆரோக்கியம் என்று பதினொரு வரி. எனக்கே மனப்பாடம். பேத்தி அதைச் சொல்லவில்லை. சொந்தமாக, ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது என் தாத்தாவுக்குக் கொரோனா வந்தது, இந்த அறையில்தான் தனியாக வைத்திருந்தோம், நான் இந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன் என்றாள். ஒரு டாக்டர் தினமும் போனில் பேசுவார், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார், தாத்தா சத்தமாக எண்ணுவார் என்றாள். ஒரு மத்தியானம் இருபத்திரண்டில் எண்ணுவது நின்றுவிட்டது. கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்து மூன்றிலிருந்து நான் எண்ணினேன். சரியா தப்பா தெரியாது, நிறுத்தக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. முப்பத்தொன்றில் உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்து சேர்ந்துகொண்டது. அந்தப் போன் டாக்டரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் மாதிரி, கூப்பிட்டால் போனை எடுக்கிற டாக்டராக வேண்டும்.

ஜுரத்தில் கதவுக்கு வெளியே யாரோ எண்ணுவது என் காதில் விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. நாலு வருடமாக அதைப் பிரமை என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது நாள், காலையும் மாலையும், நான் நம்பர் சொன்ன அந்தப் போன் டாக்டர் யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தாவது நாள் அவர் போனை எடுக்கவில்லை. இப்போது அவர் அவள் எதிரே உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு, கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

அதற்கு மேல் என்னால் ஸ்டூலில் இருக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பேத்தியின் தோளுக்கு மேல் குனிந்து திரையை நேராகப் பார்த்தேன். நேரில் இடது கைதான். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை, பழைய வழக்கம் வாயில் வந்துவிட்டது.

"டாக்டரே, இன்னைக்கு மூச்சு பத்தொன்பது."

அவர் தலையைச் சாய்த்தார். எப்போதும் போல, கேட்டுக்கொண்டவர் போல. பின்னால் நிழல் கடந்தது. கறுப்புக் கட்டத்தில் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. பிறகு நாலு கட்டமும் ஒன்றாக அணைந்தன.

பேத்தி எழுந்திருக்கவில்லை. "நன்னா, என்ன பண்ணிட்டீங்க" என்று ஒரே தடவைதான் சொன்னாள், அதுவும் மெதுவாக. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் ஓடி வந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அந்த டாக்டரு மவுத்தாயி நாலு வருஷமாச்சுன்னு நீங்கதானே அத்தா சொன்னீங்க? மவுத்தானவரு எப்படி இன்டர்வியூ எடுப்பாரு?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்."

"உங்களுக்குப் புத்தி பிசகிப் போச்சு. சாக்கு எண்ணி எண்ணி ஆளுங்களையும் சாக்காக்கிட்டீங்க."

ஏஜென்ட் போனில் வந்தார். மரியாதை குறையவில்லை, ஆனால் குரலில் அவசரம் இருந்தது. "இக்கா என்ன பணியா காட்டினது? அவுங்க பயங்கர சூடுல இருக்காங்க. மோளு நல்லா பேசினதால நான் காலப் புடிச்சு சரி பண்ணியிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள பைசா போட்டா சீட்டு நம்மளுக்கு. இல்லேன்னா வேற ஆளு ரெடி." அப்போது மணி மூன்று ஐம்பது.

மகள் போனில் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒருவேளை ஒரே மாதிரி முகமாக இருந்தால்? கிழட்டுக் கண், கண்ணாடிப் பிம்பம், இருட்டு. என் எண்ணும் வியாதியால் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவனாகிவிடுவேன். எத்தனை சாக்குத் தப்பானாலும் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

ஒரு மணி நேரம் கொடு, டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், அவர் உயிரோடு இருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், நீ பணத்தைக் கட்டிவிடு என்றேன். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பேத்தி செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். எனக்குத் துணையாக அல்ல. தன் பதில்களைப் பிறகு கேட்டுப் பார்க்கலாம் என்று அம்மாவின் பழைய போனைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து, திரையையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தாள். அதைக் காட்டி, நான் சொல்வது பிரமை என்று நிரூபிக்க வந்தாள்.

ஆட்டோவில் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். தண்ணீரில் வண்டி இரண்டு தடவை நின்றது. நாலு மணி பதினான்கு நிமிடத்துக்கு இறங்கினோம். வாசலில் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது, மாலை ஐந்து முதல் எட்டு வரை என்று நேரம்கூட இருந்தது. மூன்று தடவை மணி அடித்தேன். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கதவைத் திறந்தார். டாக்டரின் மனைவி. முப்பத்தொரு தடவையில் ஒரு தடவைகூட நான் அவரைப் பார்த்ததில்லை.

டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது?

அவர் என் முகத்தையும் பேத்தியின் வெள்ளைக் கோட்டையும் பார்த்தார். டாக்டர் போய் நாலு வருடமாகிறதே, நீங்கள் அறியவில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். பேத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, பதிவை ஓடவிட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்த்தார். அழவில்லை. "சாயா" என்றார். "முழுக்க ஆறினதுக்கப்புறம்தான் குடிக்கும். எத்தனை வாட்டி சண்டை போட்டிருக்கேன்." எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார். அந்தக் கோப்பை இப்போதும் சமையலறையில் இருக்கிறதாம். பிறகு நிழல் கடந்தது. அவர் விரல் திரையைத் தொட்டது.

"இது ஞானா, நான்தான். துணி எடுக்கப் போறது."

ஊரடங்கில் கல்லூரி மூடியிருந்தபோது டாக்டர் மாணவர்களுக்காக வீட்டிலிருந்து பாடம் பதிவு செய்து நெட்டில் போட்டிருக்கிறார். பதிவு ஓட ஆரம்பித்துவிட்டது தெரியாமல் முதல் ஒரு நிமிடம் சாயா குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். அந்த நிமிடத்தை யாரோ வெட்டி எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். பேசாமல் பார்க்கிற ஒரு டாக்டர் முகம்தானே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர் போன பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே மறுபடி ஓடவிட்டார். மறுபடி. திரையில் அந்தப் பெண் துணி எடுக்கப் போய்க்கொண்டே இருந்தார், அவர் குடித்துக்கொண்டே இருந்தார். ஒன்பது சுற்று. என் பக்கத்தில் நின்று உயிரோடு மூச்சு விடுகிற ஒருவரின் நிழலைத்தான் இறந்தவருக்குப் பின்னால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேத்தியின் குரல் பதிவில் ஓடியது. மோள் என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார். பேத்தி தலையைக் குனிந்துகொண்டு மலையாளத்தில் சொன்னாள். மூச்சு எண்ணிய கதையைக் கேட்டதும் அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நம்பர்காரர் நீங்கதானா? ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக்கூட வண்டியில ஏறும்போது கேட்டாரு, நம்பர் வந்துச்சான்னு."

நான் அவர் வீட்டுத் தரையில் இருந்த ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன். எத்தனை என்று நினைவில்லை. என் வாழ்நாளில் நானாகப் பாதியில் விட்ட எண்ணிக்கை அது ஒன்றுதான்.

நாலு நாற்பத்திரண்டுக்குப் பேத்தியே அம்மாவுக்குப் போன் செய்தாள். பணத்தை அனுப்பாதே என்று அவள் சொன்னதும் மறுமுனையில் மகள் ஓவென்று அழுதது எனக்கே கேட்டது. அதற்குள் ஏஜென்ட் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஐந்து மணிக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. மறுநாள் அந்த எண் இல்லை. இடப்பள்ளிக்குப் போனேன். இரண்டாம் மாடியில் பூட்டிய கதவு, கதவு முன்னால் என்னைப் போல நாலு பேர் ஆளுக்கொரு உறையோடு நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் பேத்தி நடுவில் உட்கார்ந்தாள், என்னை ஒட்டி. தோப்பும்படிப் பாலம் தெரிந்தபோது, "நன்னா, நெசமாவே பத்தொன்பதா?" என்று கேட்டாள். டாக்டரிடம் சொன்னபோது மூச்சு இருபத்தாறு இருக்கும். பத்தொன்பது என்றேன். பொய்க் கணக்குச் சொன்னது அன்றுதான். இப்போது மூன்றாவது தடவை நீட்டுக்குப் படிக்கிறாள், அந்த அறையில்தான். கதவு இன்னும் நாலு விரல் சாத்தாமல் நிற்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே சாக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறவர்களை முப்பத்தெட்டு வருடம் பிடித்த நான், ஒன்பதும் எட்டும் ஏழும் இருபத்து நாலாக இருந்ததற்காக ஒருவனை நம்பினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, சாக்கைப் பிரித்துத்தான் பார்க்கவில்லை. அந்த வெட்கம் போகாது. ஆனால் கதவுக்கு வெளியே ஒரு குழந்தை இருபத்து மூன்றிலிருந்து எண்ணிய கதையை, என்னையும் ஒரு இறந்தவரையும் தவிர அந்த இன்டர்வியூவில் வேறு யாரும் முழு மனதோடு கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு ஆன செலவைக் கூட்டி வைத்திருக்கிறேன். பதிவும் இன்டர்வியூவும் ஐம்பத்து மூவாயிரத்து ஐந்நூறு, கோட்டும் போட்டோவும் இரண்டாயிரத்து நூற்று நாற்பது, முத்திரையும் கூரியரும் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, டாக்டர் வீட்டுக்குப் போய்வந்த ஆட்டோ நூற்றுத் தொண்ணூறு. மொத்தம் ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுப் பத்து ரூபாய்.